ஐம்பத்து மூன்று ஓம்

இஸ்திரிப்பெட்டியின் முதுகில் பொறித்திருக்கிறது:
230 வோல்ட், 1000 வாட்.
செய்தவன் கொடுத்த வாக்கு அது.
மோல்மேன் மின்கம்பத்தை யாரும் கேட்டு எழுதவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள்.
கொடியில் எழுபத்தெட்டு வெள்ளைச் சட்டை,
எழுபத்தெட்டு பச்சை லுங்கி.
ஒன்பது நாளாய் மழை.
ஒவ்வொரு சட்டையும் அரை டம்ளர் தண்ணீரை
விடமாட்டேன் என்று வைத்திருக்கிறது.
வெயில் செய்யாத வேலையை
இனிக் கம்பி செய்யட்டும்.

இரவு பதினொன்றுக்குக் கரண்ட் வரும்,
மூன்றுக்குப் போய்விடும்.
வரும் என்பதும் பெருமைக்குச் சொல்வதுதான்.
குண்டு பல்பு
பூசணிப்பூ நிறத்தில் முழிக்கிறது.

"மூணுல ஒரு பங்குதானே கொறையுது" என்றார் தனகோடி.
"நாலு நிமிஷத்துல காயுற சட்டை
ஆறு நிமிஷத்துல காயப்போகுது."
என் வீட்டுக்காரர் கணக்கில் எப்போதும்
சீக்கிரம் தூங்கப் போய்விடலாம்.
போய்விட்டார்.

மியாவடி வழியாக வந்த இடுக்கி மீட்டர் ஒன்று என்னிடம் இருக்கிறது.
டோ கின் மே சலவைப் பாக்கிக்கு ஈடாய்க் கொடுத்தது,
அவள் மகன் எல்லை தாண்டிய பிறகு.
அவன் எப்போது திரும்புவான் என்று நான் கேட்கவில்லை,
மீட்டருக்கு உறை உண்டா என்று மட்டும் கேட்டேன்.

முதலில் ஒயரை முழுசாய்க் கவ்வவிட்டேன்.
பூச்சியம் காட்டியது.
போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுமாம்.
தோலைக் கிழித்து
ஒரு கம்பியை மட்டும் பிரித்துக் கொடுத்த பிறகுதான்
உண்மை பேசியது:
3.02 ஆம்பியர்.
பிளக்கில் 160 வோல்ட்.

பில் புத்தகத்தின் பின்பக்கம் வகுத்தேன்.
நூற்று அறுபதை மூன்று சொச்சத்தால்:
ஐம்பத்து மூன்று ஓம், ஒரு நூல் குறைய.
பெட்டியின் முதுகு சொன்னதையும் போட்டுப் பார்த்தேன்.
ஆயிரத்தை இருநூற்று முப்பதால் வகுத்து,
வந்ததைக் கொண்டு இருநூற்று முப்பதை மறுபடி வகுத்தால்
அதே ஐம்பத்து மூன்று.
உள்ளே இருக்கிற சுருள் மாறவே இல்லை.
அதைக் குறை சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பிறகு பெருக்கினேன்.
நானூற்று எண்பத்து மூன்று வாட்.
தாளைத் திருப்பி இன்னொரு தரம் பெருக்கினேன்.
அதே.
மூன்றில் ஒன்று குறைந்தால்
பாதிக்கு மேல் எப்படிப் போகும்?

தள்ளுகிறவன் இளைத்தால்
ஓடுகிறதும் இளைக்கிறது.
இளைத்ததை இளைத்ததால் பெருக்குகிறேன் நான்.
ஒரே வீட்டில் ஒரே இரவில்
இரண்டு திருடன்,
ஒருவன் கூடவே இன்னொருவன்.

தமிழில் ஒரு சங்கடம் இருக்கிறது.
சுருளின் பிடிவாதத்துக்கு மின்தடை என்று பேர்.
மூன்று மணிக்குத் தெரு அணைந்துபோவதற்கும்
அதே பேர்.
முதலாவது இருப்பதால்தான் சூடு பிறக்கிறது.
இரண்டாவதை எந்த இடுக்கியாலும் கவ்வ முடிவதில்லை,
பிரித்தெடுக்க ஒற்றைக் கம்பி
அதில் எங்கே இருக்கிறதோ.

பாதி வாட், இரண்டு பங்கு நேரம்.
யூனிட் என்னவோ ஒன்றுதான்,
பில்லில் ஒரு காசு ஏறாது.
சட்டைக்கு நாலு நிமிஷம் கூடுதலாய் நிற்பது
என் குதிகால். அதற்கு மீட்டர் பொருத்தவில்லை.

எட்டே கால் நிமிஷம், எழுபத்தெட்டு தரம்.
பத்தே முக்கால் மணி நேரம்.
வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று இரவும்
சட்டைக்கே சரியாய்ப் போய்விடும்.
லுங்கியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.
பச்சை, ஈரத்தைக் காட்டிக்கொடுக்காது.

திங்கட்கிழமை காலை
எங்கள் வாசல் தாண்டிப் போனது வரிசை.
இடுப்புக்கு மேலே மொடமொடவென்று,
இடுப்புக்குக் கீழே ஈரமாய்,
காலில் ஒட்டிய துணியை
இரண்டடிக்கு ஒரு தரம் உதறிக்கொண்டு.

டோ கின் மேயின் பேத்தி மட்டும் திரும்பிப் பார்த்தாள்.
நான் மீட்டரைத் துடைப்பதுபோல் இருந்தேன்.